மனித மூளை ஏன் பெருத்தது, பிறகு சிறுத்ததா?

(காட்சி: ஆதிச்சநல்லூர் பரம்பு, செம்மண்ணில் புதைந்த தாழிகள்)

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையோரம், தாமிரபரணியின் தென்கரையில் உள்ள இந்த மேட்டு நிலமான பரம்பை 1876-இல் ஜெர்மானியரான யாகோர் அகழ்ந்தார். அதன் பின் நடந்த அகழாய்வுகளில், இறந்தோரைப் புதைத்த ஏராளமான தாழிகளும், அவற்றுள் சிலவற்றில் மண்டையோடுகளும் வெளிப்பட்டன. இங்கு எடுத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 905 என்று கரிமப் பகுப்பாய்வு கூறுகிறது. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூளையின் அளவைப் பற்றிய அண்மைக்கால விவாதம் ஒன்று ஏறக்குறைய இதே காலத்தில்தான் வந்து நிற்கிறது.

மூளை மண்ணில் மக்கிவிடும். எஞ்சுவது அது குடியிருந்த ஓடு மட்டுமே. 19-ஆம் நூற்றாண்டில் அந்த ஓட்டுக்குள் கடுகை நிரப்பி அளந்தார்கள். ஒரே ஓட்டுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு வந்ததால் ஈயக்குண்டுகளுக்கு மாறினார்கள். இன்று ஸ்கேன் கருவி அந்த வேலையைச் செய்கிறது.

(காட்சி: மண்டையோடுகளின் வரிசை)

எத்தியோப்பியாவில் 32 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த 'லூசி' என்ற தொல்மனிதப் பெண்ணின் இனத்துக்கு மூளையின் அளவு சுமார் 450 கன சென்டிமீட்டர். நமக்குச் சராசரி 1,350. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை உண்கிறது. இந்தச் செலவுக்கு வரவு எங்கிருந்து வந்தது? குடல் சுருங்கியதால் மிச்சமான ஆற்றல் மூளைக்குப் போனது என்று 1995-இல் ஆய்வாளர்கள் ஐயெல்லோவும் வீலரும் முன்வைத்தார்கள். சமைத்த உணவே அதற்கு வழிசெய்தது என்பது மானிடவியலாளர் ரிச்சர்ட் ராங்கமின் கருத்து. பச்சைப் பனங்கிழங்கைக் கடித்துப் பார்த்துவிட்டு, அவித்த கிழங்கை நார் உரித்துத் தின்றவருக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆயினும் நெருப்பைப் பயன்படுத்தியதற்கான உறுதியான தடயங்கள் ஏறத்தாழ 10 லட்சம் ஆண்டுகளுக்கே செல்கின்றன. மூளையோ அதற்கு வெகு முன்பே வளரத் தொடங்கிவிட்டது. ஆகவே கல்லால் அறுத்த இறைச்சிக்கும், கூட்டமாக வாழ்வதில் பிறர் மனத்தை அறிய வேண்டியிருந்த தேவைக்கும் இதில் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

(காட்சி: மீண்டும் பரம்பு)

பனியுகம் முடிந்தபின் மூளை சற்றுச் சிறுத்ததாகப் பலர் கூறுகிறார்கள். வெப்பம் கூடி உடலும் சிறுத்தது ஒரு விளக்கம். ஓநாயைவிட நாய்க்கு மூளை சிறியதாக இருப்பதுபோல், மனிதரும் தம்மைத் தாமே சாதுவாக்கிக்கொண்டார்கள் என்பது மற்றொன்று. 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன்புதான் இந்தச் சரிவு நேர்ந்தது என்றும், எறும்புக் கூட்டத்தைப்போல அறிவு பலரிடம் பகிரப்பட்டதால் ஒவ்வொரு தலையும் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியிருக்கவில்லை என்றும் வாதிட்டது. தாழி வனைந்தவரையும் இரும்பு உருக்கியவரையும் தனித்தனிக் கைகளாகக் கண்ட இந்த மண்ணில் நின்று கேட்கும்போது அந்த வாதம் மனத்தை ஈர்க்கிறது. ஆனால் 2022-இல் வில்மோர், கிராபோவ்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் அதே தரவுகளை மறுபடி சோதித்து, அத்தகைய சரிவு தெரியவில்லை என்றார்கள். அளக்கப்பட்ட 987 ஓடுகளில் பாதிக்கு மேற்பட்டவை கடந்த 100 ஆண்டுகளைச் சேர்ந்தவை.

அந்தக் குறையைத் தீர்க்கப் பல நாடுகளிலிருந்தும் 3,000 ஆண்டுப் பழைமையான ஓடுகள் வேண்டும். அவற்றில் சில இந்தப் பரம்பின் அடியில், இன்னும் திறக்கப்படாத தாழிகளுக்குள் இருக்கலாம்.