மேல்மாடிச் சாவி யாரிடம்?

நேயர்களுக்கு வணக்கம்.

அடுத்த முறை யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியால் போகும்போது கொஞ்சம் நின்று, கடைப் பெயர்ப்பலகைகளுக்கு மேலே பாருங்கள். கீழே நகைக்கடை, புடவைக்கடை, போன் கடை என்று ஒரே வெளிச்சமாக இருக்கும். மேலே ஜன்னல் பலகை கழன்று தொங்கும், சுவர் வெடிப்பில் ஆலங்கன்று முளைத்திருக்கும். பெரிய கடைப் பக்கம், பிரதான வீதிப் பக்கம் போனால் சில இடங்களில் கீழ்த்தளத்திலும் பூட்டுத்தான். இரவு எட்டு மணிக்கு மேல் பஸ் நிலையத்தைச் சுற்றி நடந்து பார்த்தால், இவ்வளவு பெரிய ஊரின் நடுப்பகுதியா இது என்று மனம் கேட்கும்.

நகரம் மீண்டும் எழும்ப வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். எழும்பியவையும் இருக்கின்றன. 1981இல் எரிந்த நூலகம் மீண்டும் திறந்து இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் நிலையத்துக்குத் திரும்பி வந்தது. 2019இல் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய உதவியில் கலாசார மண்டபம் வந்தது. இவை எல்லாம் நல்லவை. ஆனால் கடைத்தெருவின் பூட்டிய கதவுகளை இவற்றில் ஒன்றும் திறக்கவில்லை. ஏன் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

நான் வங்கியொன்றின் கடன் பிரிவில் நீண்டகாலம் வேலை செய்தவன். கொடிகாமத்திலிருந்து ஒரு தங்கச்சி வந்தார். தையல் தொழில் நன்றாகத் தெரிந்தவர். ரவுணில், நகர நடுவில், ஒரு மேல்மாடியை எடுத்து, ஆறு மெஷின் போட்டு, கலியாணச் சட்டைகள் தைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். கணக்கு எல்லாம் ஒழுங்காக எழுதிக் கொண்டுவந்தார். இடத்துக்கு என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்டேன். ஒரு வருடத்துக்கு என்று வெறும் கடதாசியில் எழுதிய கடிதம் ஒன்றைக் காட்டினார். நம் நாட்டில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு என்கிற உறுதி எழுதும் சட்டத்தரணி முன்னிலையில் எழுத வேண்டும். அது 1840இலிருந்து இருக்கிற சட்டம். அந்தக் கடிதத்தை வைத்து வங்கி கடன் தராது.

கட்டிடக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தேன். கட்டிடம் அவருடைய பேரனாரின், அதாவது தாத்தாவின், பரம்பரைச் சொத்து. பேரனாருக்கு ஐந்து பிள்ளைகள். ஒருவர் கனடாவில் செத்துப்போனார், அவருடைய பிள்ளைகள் அங்கே. இன்னொருவர் பிரான்சில். ஒரு சகோதரியின் பங்கு சீதனமாகக் கொடுத்ததா இல்லையா என்று குடும்பத்துக்குள்ளேயே இழுபறி. இங்கே இருப்பவருக்குத் தனியாகப் பத்து வருடக் குத்தகை எழுதிக் கொடுக்கத் துணிவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது. அந்தத் தங்கச்சிக்கு மறுப்புக் கடிதம் போனது. அதில் கையெழுத்து வைத்தது நான். அந்த மேல்மாடி இன்றும் பூட்டித்தான் கிடக்கிறது.

இப்படிக் கதை ஒன்றல்ல. ஒல்லாந்தர் 1707இல் எழுதி வைத்த தேசவழமை என்கிற யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டம் இன்றும் நம் காணிகளை ஆளுகிறது. பங்காளி ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்பதென்றால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். சொத்து குடும்பத்தை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. குடும்பம் முழுக்க ஒரே ஊரில் இருந்த காலத்துக்கு அது பொருந்தியது. இப்போது குடும்பம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிறது. நீதிமன்றம் போய்ப் பிரிப்போம் என்றால், பிரிவினை வழக்கில் பங்காளிகள் எல்லோரையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். விலாசம் தேடுவதிலேயே வருடங்கள் போய்விடும்.

முஸ்லிம் மக்கள் வாழ்ந்த சோனகத் தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டு விரட்டினார்கள். இரும்புக்கடையும் தையல்கடையும் நகைக்கடையும் நடத்தியவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் போனார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண நகரைச் சேர்த்த வலிகாமப் பகுதி முழுதும் போரால் இடம்பெயர்ந்தது. நமக்கு நடந்ததைச் சொல்லும்போது அவர்களுக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் மனதில் உறுதியாக இருக்கிறது. இடம்பெயர்ந்தவர்களின் காணியை வேறொருவர் நீண்டகாலம் இருந்துவிட்டேன் என்று சொல்லி உரிமையாக்குவதைத் தடுக்க 2016இல் தனிச் சட்டம் வந்தது. ஆனால் திரும்பி வந்தவருக்குக் காணி உறுதிப் பத்திரமும் வேண்டும், கூரையும் வேண்டும், கடை திறக்க முதலும் வேண்டும். ரவுணின் பாதி வியாபார அறிவு அந்தத் தெருவில் இருந்தது. அது திரும்பினால்தான் கடைத்தெரு முழுமையாகும்.

சரி, என்ன செய்யலாம்? வெளிநாட்டில் இருக்கிற சகோதரங்கள் ஒரே ஒருவருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது தங்கள் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரம், எழுதிக் கொடுக்கலாம். அந்தந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் கையெழுத்து வைத்து அனுப்பி, இங்கே பதிவு செய்தால் போதும். விற்க வேண்டியதில்லை, சொத்து குடும்பத்தோடுதான் இருக்கும். பத்து வருடக் குத்தகை கிடைத்தால் குடியிருப்பவர் கூரை மாற்றுவார், மின்கம்பி மாற்றுவார். ஒரு வருடக் கடிதத்துக்கு யார் சீமெந்து வாங்குவார்? மாநகரசபையும் ஒரு மேசை போட்டு, எந்தக் கட்டிடம் பூட்டிக் கிடக்கிறது, பங்காளிகள் யார் என்று ஒரு பதிவேடு வைத்தால் பெரிய உதவி.

இன்னொன்று படிக்கட்டு. பழைய கடைகளில் மேலே ஏறும் படி கீழ்க்கடைக்குள்ளால்தான் போகிறது. கீழே இருப்பவர் கடையைப் பூட்டினால் மேலே இருப்பவரும் பூட்டப்பட்டதுதான். பின்பக்க ஒழுங்கையால் ஒரு இரும்புப் படி வைத்தால் இது தீரும். மலக்குழி விஷயத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. நம் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஆட்கள் குடியேறிக் கீழே குழி கசிந்தால், அது நாம் குடிக்கிற கிணற்றுக்குத்தான் வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். சகோதரங்கள் நான்கு பேரும் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தார்கள். தகப்பனின் ட்ரங்குப் பெட்டியிலிருந்து உறுதியை எடுத்து, நொத்தாரிசிடம் போய், இங்கே இருக்கிற கடைசித் தம்பிக்கு அதிகாரம் கொடுத்தார்கள். மேல்மாடிச் சாவி ஒருவரிடமும் இல்லை. பூட்டை அறுத்துத்தான் ஏறினார்கள். இப்போது அங்கே இரண்டு பொடியன்கள் கணினி திருத்துகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கும் அந்த ஜன்னலில் லைட் எரிகிறது. கீழே ஒரு தேத்தண்ணிக் கடையும் அந்த நேரம் வரை திறந்திருக்கிறது.

நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். இந்த முறை வருகிறவர்கள் வந்திறங்கும் முன்பே உங்கள் உறுதி எங்கே இருக்கிறது என்று வீட்டில் கேட்டு வையுங்கள். நன்றி, வணக்கம்.