பெட்டிக்குள் எட்டு, திரையில் இரண்டு

வணக்கம் நேயர்களே. 2019இல் வெள்ளவத்தையில் என் அக்கா வீட்டில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

கம்பஸில் படிக்கும் மருமகனிடம் ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. உள்ளே இன்டெல் பென்டியம் ஜி620 ப்ரொசெசர். கணக்குச் செய்யும் அந்தச் சிப்புக்குள் கோர் என்ற வேலைப் பகுதிகள் இரண்டுதான். புதுப் பெட்டி வாங்கக் கையில் காசு இல்லை. பம்பலப்பிட்டியில் பாவித்த கோர் ஐ7-2600 ஒன்று கிடைத்தது. சிப்பைப் பூட்டும் அதே சொக்கெட்டில் உட்காரும், எல்லாவற்றையும் தாங்கும் பலகையான மதர்போட்டும் அதே போதும். இதில் நாலு கோர். ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலையைப் பிடிப்பதால் விண்டோசுக்கு எட்டாகத் தெரிய வேண்டும்.

மாற்றிப் பூட்டினோம். கொம்பியூட்டர் எழும்பியது. சிஸ்டம் விபரத்தில் "கோர் ஐ7-2600" என்று பெயரும் சரியாக வந்தது. ப்ரொசெசரின் வேலையைக் கட்டம் கட்டமாகக் காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்தால், எட்டுக்குப் பதில் இரண்டே இரண்டு கட்டங்கள். "மாமா, ஏமாத்திப்போட்டாங்களோ?" என்றான் பிள்ளை. திருத்தும் கடையொன்றில் கேட்டதற்கு, விண்டோசை அழித்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். அந்த ஹார்ட் டிஸ்கில் அம்மாவின் அந்தியேட்டிப் படங்கள் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லை. அக்கா மறுத்துவிட்டா. அவ மறுத்தது நல்லதாயிற்று, ஏனென்றால் அழிக்கத் தேவையே இருக்கவில்லை.

பெயர் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்பீர்கள். 1993இல் பென்டியம் வந்த காலத்திலிருந்து இன்டெல் ப்ரொசெசர்களில் சிபியுஐடி என்றொரு கட்டளை உண்டு. "நீ யார், உனக்கு என்னென்ன தெரியும்?" என்று மென்பொருள் கேட்டால் சிப் தானே பதில் சொல்லும். பெயர் அங்கிருந்து வருகிறது. ஆனால் எத்தனை கோரைப் பயன்படுத்துவது என்பதை விண்டோஸ்தான் முடிவெடுக்கிறது. எங்கள் பெட்டியில், கொம்பியூட்டர் வேகமாக எழும்பும் என்று நம்பி, எம்எஸ்கொன்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியின் பூட் பகுதியில் "ப்ரொசெசர் எண்ணிக்கை" என்ற இடத்தில் யாரோ எப்போதோ இரண்டு என்று அடையாளம் போட்டு வைத்திருந்தார்கள். அந்த எண் ஒரு வரம்பு மட்டுமே. அடையாளம் போடாவிட்டால் விண்டோஸ் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். அடையாளத்தை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தோம். எட்டுக் கட்டங்கள் வந்தன.

அப்புறம்தான் உண்மையான சிக்கல். அவன் படிப்புக்காக டென்சர்ஃப்ளோ என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் போட்டிருந்தான். அதன் 1.6 பதிப்பிலிருந்து ஆயத்தமாகக் கிடைக்கும் பொதிகளுக்கு ஏவிஎக்ஸ் என்ற வசதி தேவை, பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடச் சிப்பில் இருக்கும் வசதி அது. ஐ7இல் ஏவிஎக்ஸ் இருக்கிறது. ஆனாலும் திறந்தவுடன் மூடிக்கொண்டது. இதை நான் கொஞ்சம் விளக்க ஆசைப்படுகிறேன், ஏனென்றால் சிப்பில் இருக்கும் ஒரு வசதிக்கு விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் சம்மதம் ஏன் வேண்டும் என்பது இதில்தான் தெளிவாகத் தெரியும்.

ஒரு தையற்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வெட்டும் மேசை ஒன்றுதான், தையல்காரர்கள் நாலைந்து பேர். ஒருவருடைய முறை முடிந்ததும் கடைப்பையன் அவருடைய துணியை அப்படியே மடித்துத் தட்டில் வைக்கிறான். முறை திரும்பி வரும்போது வைத்தபடியே விரித்துக் கொடுக்கிறான். ப்ரொசெசரில் அந்த மேசைதான் ரெஜிஸ்டர், கடைப்பையன்தான் இயங்குதளம். ஒரு நொடிக்குள் பல தடவை இப்படி மாற்றிக்கொண்டே இருக்கிறது. முன்பு அந்த மேசையின் அகலம் 128 பிட். ஏவிஎக்ஸ் அதை 256 ஆக்கியது. பையனுக்கு இது தெரியாவிட்டால் பழைய அகலத்துக்கு மட்டும் மடிப்பான், மீதிப் பாதித் துணி அடுத்தவருடைய துணியோடு கலந்துவிடும். கணக்கு பிழைத்துப்போகும், பிழைத்தது யாருக்கும் தெரியவும் வராது. அதனால்தான் "புது அகலத்துக்கு மடிக்க எனக்குத் தெரியும்" என்று இயங்குதளம் ஒரு அடையாளம் வைக்கும்வரை சிப் ஏவிஎக்ஸ் கட்டளைகளை ஏற்காமல் நிற்கிறது. மிகவும் நல்ல ஏற்பாடு என்பேன். பிழையான விடையைத் தருவதைவிட நின்றுபோவது எவ்வளவோ மேல்.

விண்டோஸ் 7 அந்த அடையாளத்தை வைக்கக் கற்றுக்கொண்டது 2011இல் வந்த முதல் சேர்வீஸ் பக் என்ற திருத்தத் தொகுப்பில்தான். எங்கள் பெட்டியில் அது போடப்படவே இல்லை. லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னல் 2009இலேயே, 2.6.30 பதிப்பில், ஏவிஎக்ஸ் உள்ள சிப்புகள் கடைக்கு வருமுன்பே ஆயத்தமாகிவிட்டது. சேர்வீஸ் பக்கைப் போட்டோம், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. படங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. டென்சர்ஃப்ளோவும் திறந்தது.

இன்று விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்களுக்கு ஏவிஎக்ஸ் தொல்லை இல்லை. அவர்களுக்கு அதிகம் இடறுவது வேறொன்று: கொம்பியூட்டருக்குள் இன்னொரு கொம்பியூட்டரை ஓட்டும் விர்ச்சுவலைசேஷன். பல மதர்போட்களில் அது பயோஸில், அதாவது விண்டோஸ் எழும்புமுன் ஓடும் போட்டின் சொந்த மென்பொருளில், அணைத்தே இருக்கும். பயோஸில் அணைத்திருந்தால் விண்டோசை எத்தனை தடவை புதிதாகப் போட்டாலும் பயனில்லை, உள்ளே போய் இயக்கிவிட வேண்டும். டாஸ்க் மனேஜரில் சிபியு பக்கத்தின் கீழே அது இயங்குகிறதா என்று ஒரு வரி இருக்கும். லினக்ஸ் என்றால் டெர்மினலில் எல், எஸ், சி, பி, யு என்று ஐந்து எழுத்தையும் சேர்த்து அடியுங்கள். கோர் எண்ணிக்கையும் வசதிகளின் பட்டியலும் மொத்தமாக வரும்.

ப்ரொசெசர் மாற்ற இருக்கிறவர்களுக்கு ஒன்று. ஒரே சொக்கெட் என்பது மட்டும் போதாது. மருமகனுடைய போட் போன்றவற்றில் அடுத்த தலைமுறை ஐ7-3770ஐப் போட நினைத்தால், பல போட்களுக்கு முதலில் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். அதைப் பழைய ப்ரொசெசர் உள்ளே இருக்கும்போதே செய்யுங்கள். கழற்றிய பிறகு என்றால் திரையே வராமல் போகலாம். பயோஸைப் புதுப்பிக்கும் நடுவில் கரண்ட் போனால் போட் எழும்பாமலே போய்விடக்கூடும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருளில் இருந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் இல்லையென்றால் அயல்வீட்டில் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கடைக்குப் போகுமுன் மதர்போட்டின் மொடல் பெயரையும் பயோஸ் பதிப்பு எண்ணையும் ஒரு துண்டில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அந்த இரண்டையும் கேட்காமல் ப்ரொசெசரை எடுத்து நீட்டுகிற கடையில் வாங்க வேண்டாம்.