வயிற்றுக்குள் முடிச்சுப் போட்டவர்: கூர்ட் ஸெம்மின் கருவிகள்

நேயர்களுக்கு வணக்கம். மகளிர் நல அறுவை சிகிச்சையில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், நான் தினமும் கையிலெடுத்துப் பயன்படுத்திய கருவிகள் சிலவற்றைப் பற்றியும், அவற்றை உருவாக்கிய ஒருவரைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன். அவர் பெயர் கூர்ட் ஸெம். 1927இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பிறந்த அவர், மருத்துவம் படிக்கப் போவதற்கு முன் கருவி செய்யும் தொழிலைப் பட்டறையில் முறையாகக் கற்றவர். அவருடைய பிற்கால வேலை முழுவதும் அந்தப் பட்டறையில்தான் வேர்கொண்டது என்று நான் நம்புகிறேன்.

வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் முறை அவருக்கு முன்பே இருந்தது. 1901இல் கியோர்க் கெல்லிங் நாயின் வயிற்றில் காற்றைச் செலுத்திக் குழாய் வழியே உள்ளே பார்த்துக் காட்டினார். 1910இல் ஸ்வீடனைச் சேர்ந்த யாக்கோபியஸ் மனிதர்களிடம் அதைச் செய்தார். 1940களில் பாரிஸில் ரவுல் பால்மர் மகளிர் நோய்களைக் கண்டறிய அதைப் பயன்படுத்தினார். ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் பார்ப்பதோடு நின்றன. வயிற்றைத் திறந்து செய்யும்போது மருத்துவரின் கை எத்தனையோ வேலைகளைச் செய்கிறது: குடலை ஒதுக்கி இடம் உண்டாக்குகிறது, இரத்தம் கசியும் இடத்தை அழுத்திப் பிடிக்கிறது, நூலால் கட்டுகிறது, அறுத்ததை வெளியே எடுக்கிறது. வயிற்றை மூடியே வைத்துக்கொண்டால் அந்தக் கை வெளியே நின்றுவிடுகிறது. கை செய்த ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே ஒரு கருவி வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தவர் ஸெம்.

முதல் வேலை, இடம் உண்டாக்குவது. வயிற்றுச் சுவரைத் துளைத்து வாயுவைச் செலுத்த நாங்கள் பயன்படுத்தும் வில் பொருத்திய ஊசி, ஹங்கேரியைச் சேர்ந்த யானோஷ் வெரெஷ் என்ற மருத்துவர் 1930களில் காசநோயாளிகளின் மார்புக்கூட்டுக்குள் காற்று செலுத்துவதற்காகச் செய்தது. தடை நீங்கியவுடன் உள்ளிருக்கும் மழுங்கிய குழாய் முன்னே பாய்ந்து கூர்முனையை மறைத்துவிடுவதால், உள்ளுறுப்புகளைக் குத்திவிடும் அபாயம் குறைகிறது. ஆனால் ஊசி நன்றாக இருந்தாலும், எவ்வளவு வாயு எந்த அழுத்தத்தில் போகிறது என்பது தெரியாவிட்டால் ஆபத்துதான். அழுத்தம் மிகுந்தால் வயிற்றிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருஞ்சிரை நசுங்கும். உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சுத் திணறும். ஸெம் 1960களில் உருவாக்கிய தானியங்கிக் கருவி, வயிற்றுக்குள் உள்ள அழுத்தத்தை அளந்துகொண்டே கார்பன் டை ஆக்சைடைத் தேவையான அளவுக்கு மட்டும் செலுத்தியது. அந்த வாயு தீப்பற்றாது; இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சு வழியாக வெளியேறிவிடும். இன்றும் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் நாங்கள் நிம்மதியாக வேலை செய்கிறோம் என்றால், அந்தக் கருவியின் வழிவந்தவற்றை நம்பித்தான்.

அடுத்தது இரத்தக் கசிவு. அக்காலத்தில் கசிவை நிறுத்தவும், கருத்தடைக்காகக் கருக்குழாயை அடைக்கவும் மின்சாரத்தால் சுடும் முறை பரவலாக இருந்தது. மின்னோட்டம் நோயாளியின் உடல் வழியாகப் பாய்வதால், அது சில வேளைகளில் பக்கத்திலிருக்கும் குடலையும் சுட்டுவிடும். அந்தக் காயம் அறுவை மேசையில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, சில நாட்கள் கழித்துக் குடலில் ஓட்டையாக வெளிப்படும். ஸெம் செய்த மாற்று மிக எளிமையானது. உடலுக்குள் மின்சாரம் பாயாமல், இடுக்கியின் முனை மட்டும் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகும். வெந்நீரில் முட்டையின் வெள்ளைக்கரு உறைவதுபோல் திசு அந்த இடத்தில் மட்டும் உறைந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது முடிச்சுதான். தொண்டைச் சதை அறுவை சிகிச்சையில் பழக்கத்திலிருந்த ரோடர் முடிச்சு என்ற சுருக்கு முடிச்சை எடுத்து, அதை நீண்ட குழலின் முனையில் வைத்து வயிற்றுக்குள் அனுப்பினார் அவர். சுருக்கைத் திசுவின் மேல் மாட்டி வெளியிலிருந்து இழுத்தால் இறுகும், பிறகு தளராது. கிணற்றுக் குடத்துக்குச் சுருக்குப் போடுகிற யாருக்கும் இதன் தத்துவம் புரியும். இதோடு நில்லாமல், உள்ளே வைத்தே தைத்து முடிச்சுப் போடவும், வெளியே போட்ட முடிச்சை உள்ளே தள்ளவும் முறைகளை வகுத்தார். இவற்றைப் பழகுவதற்கென்றே ஒரு பயிற்சிப் பெட்டியையும் செய்தார். அத்தகைய பெட்டியில் நான் முதன்முதலில் பழகியபோது, என் கை இடப்பக்கம் போனால் கருவியின் முனை வலப்பக்கம் போயிற்று. ஒரே ஒரு முடிச்சுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் கழிந்தது. நோயாளியின் உடலில் நிகழ வேண்டிய அந்தத் தடுமாற்றங்கள் பெட்டியில் நிகழ்ந்தன என்பதற்காக நான் இன்றுவரை நன்றியுடன் இருக்கிறேன்.

1970இல் கீல் நகரப் பல்கலைக்கழக மகளிர் மருத்துவமனைக்குத் தலைவராக வந்த ஸெம்முக்கு வரவேற்பு இனிமையாக இல்லை. அவருடைய மூளையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று உடன் பணியாற்றியவர்களே கேட்டதாக மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1980 செப்டம்பரில், வயிற்றைத் திறக்காமல், லேப்ராஸ்கோப் என்ற உள்நோக்குக் குழாயின் துணையுடன் சிறு துளைகள் வழியாகவே குடல்வாலை அவர் முழுவதுமாக அகற்றினார். அதுகுறித்து அவர் உரையாற்றிய பின், அவரைத் தொழிலிலிருந்து நீக்கிவைக்க வேண்டும் என்று ஜெர்மனியின் அறுவை மருத்துவர் சங்கத் தலைவரிடமிருந்தே கடிதம் போனது. ஆனாலும் 1983இல் அந்த அறுவை சிகிச்சை பற்றிய அவருடைய கட்டுரை வெளியானது. 1985இல் எரிக் மியூஹே என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் பித்தப்பையை இவ்வழியில் அகற்றினார். ஸெம்மின் கருவிகளும் நுட்பமும் அவருக்கு வழிகாட்டியாக இருந்தன. பெண்களின் கருக்குழாய்க்கும் சினைப்பைக்கும் என்று செய்யப்பட்ட கருவிகள், பொது அறுவை சிகிச்சையையே இப்படி மாற்றத் தொடங்கின.

மீதமிருந்தது, அறுத்ததை வெளியே எடுக்கும் வேலை. கருப்பையில் வளரும் பெரிய நார்க்கட்டியைச் சிறு துளை வழியே எடுக்க, அதை உள்ளேயே துண்டுகளாக்கும் மார்சிலேட்டர் கருவிகளில் ஸெம்மும் உழைத்தார். 1990களில் மின்சாரத்தால் இயங்குபவை வந்தன. தழும்பு சிறிதானது, நோயாளிகள் விரைவில் வீடு திரும்பினார்கள். ஆனால் நார்க்கட்டி என்று எண்ணியதற்குள் புற்றுநோய் மறைந்திருந்தால், துண்டாக்கும்போது அது வயிறெங்கும் சிதறிப் பரவிவிடும். நார்க்கட்டிக்காக அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் பெண்களில் ஏறத்தாழ 350 பேரில் ஒருவருக்கு அவ்வாறு மறைந்த புற்றுநோய் இருக்கலாம் என்று 2014இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கணக்கிட்டு எச்சரித்தது. அந்த எண்ணைப் படித்த நாளில், அதுவரை நான் செய்த அறுவை சிகிச்சைகள் ஒவ்வொன்றையும் மனத்துக்குள் திரும்பிப் பார்த்தேன். இன்று கட்டியை முதலில் ஒரு பைக்குள் இட்டு, பையின் வாயை வெளியே இழுத்துவைத்து, அதற்குள்ளேயே துண்டாக்குகிறோம். கிழியாத, கசியாத, சிறு துளையில் நுழையக்கூடிய பையை எப்படிச் செய்வது என்பதில்தான் இப்போது கருவி செய்பவர்களின் கவனம் இருக்கிறது. வணக்கம்.