கைபேசியில் முளைத்த சுங்கச்சாவடிகள்

அவைத்தலைவர் அவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் ‘வளரும் ஆப்பிரிக்கப் பொருளாதாரங்களில் மின்வணிகச் சட்டங்களும் தடைகளும்’ என்று போட்டிருக்கிறீர்கள். பெரிய தலைப்பு. எகிப்தையும் லெசோத்தோவையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிப் பேசுகிறவரை நான் நம்புவதில்லை. அதனால் நாலைந்து ஊர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான். இந்த நாடுகளில் மின்வணிகம் கூடாது என்று யாரும் சட்டம் எழுதிவைக்கவில்லை. பணம் எல்லை தாண்டிப் போக நல்ல பாதை போடுவதற்கு முன்பே, பாதி போட்ட பாதையில் சுங்கச்சாவடியைக் கட்டிவிட்டார்கள். எதை முதலில் செய்வது என்பதில்தான் கோளாறு.

கானாவின் தென்கிழக்கு மூலையில் அஃப்லாவோ என்று ஓர் ஊர். எல்லைக்கு அந்தப் பக்கம் டோகோவின் தலைநகர் லோமே. ஒரு நாட்டின் தலைநகரமே எல்லைக்கோட்டை ஒட்டி இருக்கிறது, நடந்தே போய்விடலாம். இரண்டு பக்கமும் எவே மொழி பேசும் மக்கள், கொள்வினை கொடுப்பினை உள்ளவர்கள். அஃப்லாவோவில் துணி விற்கும் ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் படம் போடுகிறார், லோமேயில் இருக்கும் கடைக்காரர் ஒருவர் பத்துத் துணி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துணி மதியத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். பணம்?

டோகோவில் புழங்குவது சிஎஃப்ஏ ஃபிராங்க். கானாவில் செடி. வங்கி வழியாக அனுப்பினால் ஃபிராங்க் முதலில் யூரோவாகவோ டாலராகவோ மாறி, ஐரோப்பாவிலோ நியூயார்க்கிலோ இருக்கும் ஒரு வங்கியின் கணக்கைத் தொட்டுவிட்டு, பிறகு செடியாகத் திரும்பி வர வேண்டும். மாறுகிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு கழிவு. பத்துத் துணியின் விலைக்கு இது கட்டுபடியாகுமா? ஆகாது. அதனால் நோட்டுக்கட்டு கைப்பையில் எல்லை தாண்டுகிறது. பேரம் பேசியது வாட்ஸ்அப்பில், கணக்கு தீர்த்தது ரொக்கத்தில். புள்ளிவிவரத்தில் இது மின்வணிகமும் இல்லை, ஏற்றுமதியும் இல்லை.

இதைச் சரிசெய்ய ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கிறது. கெய்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆப்பிரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கியான அஃப்ரெக்சிம், 2022 ஜனவரியில் ‘பாப்ஸ்’ என்ற பணப்பட்டுவாடா முறையைத் தொடங்கியது. அனுப்புகிறவர் தன் நாட்டு நாணயத்தில் கட்டுவார், பெறுகிறவர் தன் நாட்டு நாணயத்தில் எடுத்துக்கொள்வார். நாடுகளுக்கு இடையே கொடுக்கல் வாங்கலைக் கழித்துப் பார்த்து, மிச்சத்தை மட்டும் டாலரில் தீர்த்தால் போதும். முதலில் சேர்ந்தவை 6 நாடுகள்: நைஜீரியா, கானா, காம்பியா, கினி, லைபீரியா, சியரா லியோன். பட்டியலைக் கவனித்தீர்களா? டோகோ இல்லை. டோகோவின் நாணயத்தை அச்சிடுவது டோகோ அல்ல. 8 நாடுகளுக்குப் பொதுவான மத்திய வங்கி செனகலின் டாக்கார் நகரில் இருக்கிறது. டோகோ தனியாக நினைத்தாலும் சேர முடியாது. பிறகு பட்டியல் நீண்டது, கென்யாவும் ருவாண்டாவும் வந்தன. ஆனால் ஒரு நாடு சேர்ந்தால் மட்டும் போதாது, நம் துணிக்கடை அம்மாவின் வங்கியும் சேர வேண்டும். அவருக்கு வங்கிக் கணக்கே இல்லையென்றால்? மொபைல் மணிதான் இருக்கும், அதாவது கைபேசி எண்ணிலேயே பணம் வைத்து அனுப்புகிற வசதி. கானாவில் அதற்கு ‘மோமோ’ என்று பேர். தெருவுக்குத் தெரு குடை நட்டு உட்கார்ந்திருக்கும் மோமோ முகவரிடம்தான் ஊரே பணம் போடும், எடுக்கும்.

அந்த மோமோ மேல்தான் கானா அரசு கை வைத்தது.

2021 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் மின்னணுப் பணப் பரிமாற்றத்துக்கு 1.75% வரி என்று அறிவித்தார். ‘இ-லெவி’ என்றார்கள். அப்போது கானா நாடாளுமன்றத்தில் இரண்டு பெரிய கட்சிகளுக்கும் ஆளுக்கு 137 இடம், ஒரே ஒருவர் சுயேச்சை. டிசம்பரில் இந்த மசோதாவுக்காக உறுப்பினர்கள் அவையிலேயே கைகலந்தார்கள், உலகம் முழுக்க அந்த வீடியோ ஓடியது. கடைசியில் எதிர்க்கட்சி வெளிநடப்பு செய்த நாளில் 1.5% ஆகக் குறைத்து நிறைவேற்றி, 2022 மே 1 முதல் வசூலிக்க ஆரம்பித்தார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் முதல் 100 செடிக்கு வரி கிடையாது. 1000 செடி அனுப்பினால் மிச்சம் 900-க்கு 13.50 செடி அரசுக்கு. மோமோ நிறுவனத்தின் கட்டணம் தனி. இது லாபத்தின் மேல் போட்ட வரி அல்ல, கை மாறுகிற மொத்தத் தொகையின் மேல் போட்டது. நூற்றுக்கு ஐந்து மிஞ்சுகிற வியாபாரத்தில் ஒன்றரை போய்விட்டால் என்ன மிஞ்சும்? பதிவு பெற்ற வணிகருக்கான பணத்துக்கு விலக்கு உண்டு என்றார்கள். தலைநகர் அக்ராவின் மக்கோலா சந்தையில் கடை விரித்திருக்கும் பெண்களில் எத்தனை பேர் பதிவு செய்தவர்கள்?

சனங்கள் சண்டை போடவில்லை, ரொக்கத்துக்குத் திரும்பினார்கள். முதல் ஆண்டுக்கு அரசு கணக்குப் போட்டிருந்தது 690 கோடி செடி. அதைக் குறைத்துக் குறைத்து, அந்த ஆண்டின் நடுவில் இலக்கையே சுமார் 61 கோடி என்று திருத்தி எழுதினார்கள். 2023-இல் விகிதம் 1% ஆனது. தேர்தலில் ஆட்சி மாறி, 2025 ஏப்ரலில் அதிபர் மஹாமா வரியையே ரத்து செய்து கையெழுத்திட்டார். மூன்று ஆண்டுகள்கூட நிற்கவில்லை.

உகாண்டா இதற்கு முன்பே சூடுபட்டிருந்தது. 2018 ஜூலை முதல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக், ட்விட்டர் திறக்க நாளொன்றுக்கு 200 ஷில்லிங். காலையில் கட்டினால்தான் திறக்கும். வம்பளப்பைக் குறைக்கத்தான் வரி என்று அதிபர் முசெவேனி விளக்கம் சொன்னார். வாழைக்குலை விற்கிறவருக்கும் வாட்ஸ்அப்தான் கடை என்பது அவர் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. ஆட்கள் வரியைச் சுற்றிக்கொண்டு போக, இருக்கும் நாட்டை மறைக்கும் விபிஎன் மென்பொருளைப் போட்டுக்கொண்டார்கள். முதல் ஆண்டு வசூல் எதிர்பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடவில்லை. 2021-இல் அதை எடுத்துவிட்டு, இணைய டேட்டா மேல் 12% போட்டார்கள்.

கென்யா மட்டும் கொஞ்சம் நிதானமாக நடந்துகொண்டது என்பேன். அந்த நாட்டின் மொபைல் மணியான எம்-பெசா 2007-இல் வந்தபோது அதற்கென்று சட்டமே கிடையாது. மத்திய வங்கி ‘ஆட்சேபம் இல்லை’ என்று ஒரு கடிதம் கொடுத்து, ஓடவிட்டுக் கவனித்தது. பட்டுவாடாச் சட்டம் 2011-இல் வந்தது. வரி 2013-இல் வந்தது, அதுவும் அனுப்பும் தொகையின் மேல் இல்லை, நிறுவனம் வாங்கும் கட்டணத்தின் மேல் 10%. கட்டணம் 10 ஷில்லிங் என்றால் வரி 1 ஷில்லிங். அந்த விகிதமும் பிறகு ஏறியது, புகார்களும் உண்டு. ஆனாலும் எம்-பெசாவை விட்டு ஊர் ஓடிவிடவில்லை.

கஜானாக்காரர்களைத் திட்டிவிட்டு மேடை இறங்கினால் அது நியாயமாகாது. அவர்கள் கஷ்டமும் நிஜம். சினிமா, பாட்டு, மென்பொருள் எல்லாம் ஒரு காலத்தில் கேசட்டாகவும் குறுந்தகடாகவும் துறைமுகத்தில் இறங்கின, சுங்கவரி கிடைத்தது. இன்று டவுன்லோடு ஆகின்றன. மின்வழி அனுப்பப்படுவதற்குச் சுங்கவரி போடுவதில்லை என்று 1998-இல் உலக வணிக அமைப்பில் தற்காலிகமாக ஓர் ஏற்பாடு செய்தார்கள். அந்தத் ‘தற்காலிகம்’ இரண்டு ஆண்டு இரண்டு ஆண்டாக நீட்டிக்கப்பட்டே கால் நூற்றாண்டைத் தாண்டியது. இதைக் கேள்வி கேட்டு ஜெனிவாவில் கூட்டாக அறிக்கை கொடுத்தவை தென்னாப்பிரிக்காவும் நம் இந்தியாவும். 2021 அக்டோபரில், பாரிஸில் இருக்கும் ஓஇசிடி அமைப்பு முன்னின்று நடத்திய, பன்னாட்டு நிறுவனங்களின் வரி பற்றிய உலக உடன்பாட்டில் 136 நாடுகள் சேர்ந்தபோது ஒதுங்கி நின்றவை நான்கு: கென்யா, நைஜீரியா, பாகிஸ்தான், இலங்கை. கென்யா அந்த ஆண்டு ஜனவரியிலேயே இணையச் சேவைகளின் வருவாய் மேல் 1.5% வரி போட்டிருந்தது.

ஆக, கலிஃபோர்னியாவில் இருக்கும் நிறுவனத்திடம் வசூலிக்க ஜெனிவாவிலும் பாரிஸிலும் வருடக்கணக்கில் வாதாட வேண்டும். அக்ராவில் குடைக்குக் கீழே நடக்கும் மோமோ பரிமாற்றத்தில் கழித்துக்கொள்ள ஒரு மென்பொருள் கட்டளை போதும். வரி கைக்கு எட்டிய இடத்தில் விழுந்தது.

இன்னொரு தடை இருக்கிறது. அதைச் சட்டம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது: இணையத்தையே அணைப்பது. காமரூனில் மலையடிவாரத்தில் பூயா என்ற பல்கலைக்கழக ஊர். இளைஞர்கள் ஸ்டார்ட்அப் கம்பெனிகள் நடத்துவதால் ‘சிலிக்கான் மவுன்டன்’ என்று பட்டப்பெயர். ஆங்கிலம் பேசும் இரண்டு மாநிலங்களில் வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் போராடினார்கள் என்று, 2017 ஜனவரியில் அந்த மாநிலங்களுக்கு மட்டும் இணையத்தைத் துண்டித்தது அரசு. 93 நாட்கள். பூயாவின் நிரலாளர்கள் பிரெஞ்சு பேசும் மாநிலத்தின் எல்லையில் இருக்கும் பொனாக்கோ என்ற கிராமத்தில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். கையடக்க மோடம், மடிக்கணினிகள், நெருக்கியடித்து நாற்காலிகள். ‘இணைய அகதி முகாம்’ என்று அவர்களே பெயர் வைத்தார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை முடித்து அனுப்பத் தினமும் சாலைவழியாக அங்கே போய்வந்தார்கள். மாலையில் ஒரு கோப்பு போகவில்லை என்றால் ஒப்பந்தமே போய்விடும் தொழில் இது. எந்த வரியும் இவ்வளவு கெடுதல் செய்ததில்லை.

தரவுச் சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றும் 2014-15 வாக்கில் ரோமிங் கட்டணத்தைக் குறைத்து ‘ஒரே வலையமைப்புப் பகுதி’ என்று கொண்டாடின. அதே வட்டாரத்தில், 2017-இல், எம்டிஎன் என்ற தொலைபேசி நிறுவனம் தன் ருவாண்டா சேவைக்கான கணினி அமைப்பை உகாண்டாவில் வைத்து நடத்தியதற்காக ருவாண்டா 700 கோடி ஃபிராங்க் அபராதம் போட்டது. பேச்சு எல்லை தாண்டலாம், சர்வர் தாண்டக்கூடாது! கண்டம் முழுமைக்குமான இணையப் பாதுகாப்பு, தரவுப் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றை 2014-இல் எக்குவடோரியல் கினியின் மலாபோ நகரில் எழுதினார்கள். தேவையான 15 ஒப்புதல்கள் சேர்ந்து அது நடைமுறைக்கு வந்தது 2023 ஜூனில்.

ஆப்பிரிக்கச் சுதந்திர வணிகப் பகுதியின் மின்வணிக நெறிமுறையை 2024 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் ஏற்றுக்கொண்டார்கள். அதோடு சேரும் 8 இணைப்பு ஆவணங்களை அடுத்த ஆண்டு ஏற்றார்கள். அதில் ‘எது ஆப்பிரிக்கச் சரக்கு’ என்று முடிவு செய்யும் பிறப்பிட விதியும் ஒன்று. லேசான கேள்வி இல்லை. ஜூமியா என்ற இணையக் கடையைப் பாருங்கள். 2012-இல் லாகோஸில் தொடங்கியது. பணம் போட்டது பெர்லின் முதலீட்டு நிறுவனம், சட்டப்படி ஜெர்மன் கம்பெனி, மென்பொருள் எழுதுகிறவர்கள் பலர் போர்ச்சுகலின் போர்ட்டோவில், 2019-இல் பங்கு விற்றது நியூயார்க்கில். அன்றே ‘இது ஆப்பிரிக்க நிறுவனமா’ என்று பெரிய சண்டை. இனி வக்கீல்களுக்கும் வேலை.

மாணவர்கள் இந்த இணைப்புகளைத் தேடிப் படித்தால், எல்லாரும் பேசும் பிறப்பிட விதியை அப்புறம் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டிய பணப்பட்டுவாடா பற்றிய இணைப்பை முதலில் எடுங்கள். மொபைல் மணிக்கு அதில் என்ன இடம், எந்த மத்திய வங்கி எதற்குக் கட்டுப்படுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பின்வரிசையில் ஒரு கை ரொம்ப நேரமாக உயர்ந்தே இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பிப்போம்.