11-ஆவது கிலோமீட்டரில் எடுக்காத செல்ஃப்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு அப்பா போனில் கேட்டார். "பையன் பிளஸ் டூ முடிச்சிட்டானுங்க. கார் ரேஸ்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். அதுக்கெல்லாம் படிப்பு இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். "வண்டி ஓட்டறதுக்கா?" என்றார். இல்லைங்க, ஓட்டுகிறவர் கையில் நல்ல வண்டியைக் கொடுப்பதற்கு என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாக, "அதுல அப்படி என்னங்க படிக்கறதுக்கு இருக்கு?" என்று கேட்டார். அன்று அவருக்கு அரைகுறையாகச் சொன்னதை இன்று நிதானமாகச் சொல்லலாம் என்றுதான் வந்திருக்கிறேன்.

மோட்டார்ஸ்போர்ட் எஞ்சினியரிங் என்ற பெயரிலேயே பட்டம் தருவதில் முன்னால் நிற்பது இங்கிலாந்து. காரணம் எளிது. ஃபார்முலா 1 அணிகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன. மெக்லாரன் வோக்கிங்கில், ரெட் புல் மில்டன் கீன்ஸில், மெர்சிடிஸ் பிராக்லியில், வில்லியம்ஸ் குரோவில். சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தைச் சுற்றி ஒன்றிரண்டு மணி நேரப் பயணத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். நம் கோவையில் பம்ப் தொழில் ஒரே இடத்தில் வேர் பிடித்தது போலத்தான். அந்த வட்டாரத்திலேயே ஆக்ஸ்ஃபோர்ட் புரூக்ஸ், கிரான்ஃபீல்ட் போன்ற பல்கலைக்கழகங்கள் இந்தப் படிப்பை நடத்துகின்றன. நானும் இங்கே மெக்கானிக்கல் முடித்துவிட்டு அங்கே போய் ஒரு வருட முதுகலை படித்தவன்.

ஆனால் என்னைப் பொறியாளன் ஆக்கியது அந்த ஒரு வருடம் அல்ல. இங்கே பி.இ. படிக்கும்போது நாங்கள் கட்டிய ஒரு சின்னக் கார்.

ஃபார்முலா ஸ்டூடண்ட் என்று ஒரு போட்டி இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃபார்முலா எஸ்.ஏ.இ. என்ற பெயரில் தொடங்கியது. எஸ்.ஏ.இ. என்பது அங்குள்ள வாகனப் பொறியாளர்கள் சங்கத்தின் சுருக்கம். 1998-இல் பிரிட்டனுக்கு வந்தது. நம் நாட்டில் ஃபார்முலா பாரத் என்ற பெயரில், கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்து வந்திருக்கிறது. மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை இந்த ஊரிலேயே உருவாக்கிய கரிவரதன் பெயரில் அமைந்த தடம் அது. மாணவர்கள் தாங்களே வடிவமைத்து, தாங்களே கட்டி, தாங்களே ஓட்ட வேண்டும். மொத்தம் 1000 புள்ளிகள். அதில் 325 புள்ளிகளுக்குக் கார் ஓடவே வேண்டாம். வடிவமைப்பு, செலவுக் கணக்கு, வியாபாரத் திட்டம் ஆகிய மூன்றையும் நடுவர்கள் முன்னால் உட்கார்ந்து விளக்கினால் போதும்.

விதிகள் கறாரானவை. எஞ்சின் 710 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அது இழுக்கும் காற்று முழுக்க 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். கிட்டத்தட்ட ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம், அவ்வளவுதான். ஓட்டுநரை உள்ளே உட்கார வைத்துக் காரை 60 டிகிரி சாய்ப்பார்கள். மேல்பக்கச் சக்கரங்கள் தூக்கக் கூடாது, ஒரு சொட்டு எண்ணெய் கசியக் கூடாது. அப்புறம் பிரேக் சோதனை. வேகமாக வந்து மிதித்தால் நான்கு சக்கரங்களும் பூட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதையெல்லாம் தாண்டினால்தான் தடத்துக்குள் விடுவார்கள்.

முதல் பாடம் எனக்கு ஒரு லேத் பட்டறையில் கிடைத்தது. சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டறைக்கார அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "தம்பி, பேரிங் உக்கார்ற இடத்துல பத்து மைக்ரான் கேட்டிருக்கீங்க, சரி. இந்த வெளிப்பக்கம் எதுலயுமே படாதே, இங்கயும் எதுக்குப் பத்து மைக்ரான்? இதுக்கு நான் ஒரு நாள் கூடுதலா நிக்கணும்." பத்து மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதற்கு மேல் அளவு பிசகக் கூடாது என்று அர்த்தம். என்னிடம் பதில் இல்லை. கணினியில் ஒரே துல்லியத்தை எல்லா இடத்துக்கும் போட்டிருந்தேன். அவர் பென்சிலை எடுத்து வரைபடத்தில் நான்கு இடங்களைச் சுழித்தார். அந்த நான்கு சுழிப்பில் எங்களுக்கு இரண்டாயிரம் ரூபாய் மிச்சமானது.

மூன்று மாதம் கழித்து வடிவமைப்பு நடுவர் அதே ஹப்பைக் கையில் எடுத்து, "இந்த இடத்தில் ஏன் இந்தத் தடிமன்?" என்று கேட்டார். அண்ணன் கேட்ட அதே கேள்வி. பல்கலைக்கழகம் கற்றுத்தர வேண்டியது அந்த "எதுக்கு"தான். வேறு யாரோ செய்தார்கள், நாங்களும் செய்தோம் என்றால் அங்கே புள்ளி கிடையாது.

சரி, எங்கள் கார் ஓடியதா என்று கேட்பீர்கள். ஓடியது, பாதி வரை.

கடைசிப் போட்டி 22 கிலோமீட்டர் நீள ஓட்டம். 11 கிலோமீட்டர் முடிந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டுநர் மாற வேண்டும். அதற்கு மூன்று நிமிடம். பிறகு வெளியிலிருந்து எந்த உதவியும் இல்லாமல் கார் தானே கிளம்ப வேண்டும். இரண்டாவது ஓட்டுநர் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, பட்டனை அழுத்தினான். "டிக்" என்று ஒரு சத்தம். மறுபடி அழுத்தினான். மறுபடியும் "டிக்". செல்ஃப் எடுக்கவில்லை. பதினைந்து பேர் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தொடக் கூடாது என்பது விதி. அந்த ஓட்டம் அத்தோடு முடிந்தது.

அன்று இரவு மடிக்கணினியில் காரின் பதிவுகளைத் திறந்தோம். எஞ்சின் சூடு, வேகம், ஆக்சிலரேட்டர், பிரேக் அழுத்தம், எல்லாம் கோடுகோடாக இருக்கும். பேட்டரி வோல்ட் கோட்டை நாங்கள் ஒரு நாளும் திறந்ததில்லை. திறந்தால், தொடக்கத்தில் 13.8 இருந்தது ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 12-க்கு வந்திருந்தது. வளைவுகளில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது சார்ஜ் போதவில்லை. பேட்டரிக்குள் வருவதைவிட எரிபொருள் பம்ப்பும் ரேடியேட்டர் ஃபேனும் அதிகமாகத் தின்றன. ஓட்டுநர் மாறிய மூன்று நிமிடமும் சூட்டைத் தணிக்க ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. எடை குறைய வேண்டும் என்று மிகச் சின்ன பேட்டரியாகப் பார்த்துப் போட்டவன் நான்தான். செல்ஃப் இழுத்ததும் வோல்ட் 8-க்குக் கீழே விழுந்து, எஞ்சினை இயக்கும் கணினியே அணைந்துவிட்டது.

எனக்கு இன்றும் வலிப்பது வேறொன்று. இரண்டு வாரம் முன்னால் செய்த பயிற்சி ஓட்டத்தின் பதிவையும் திறந்து பார்த்தோம். அதிலும் அதே கோடு, அதே இறக்கம். கார் எங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை.

இங்கிலாந்தில் படிக்கும்போது மேலே போகப் போக எல்லாமே இந்தக் கோடுகளைப் படிப்பதுதான் என்று புரிந்தது. டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். டயர் மேல் எடை கூடினால் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: 50 கிலோ எடையில் 80 கிலோ பிடிப்புத் தரும் டயர், 100 கிலோ எடையில் 160 தராது, 150 தரும். வளைவில் கார் சாயும்போது உள்பக்கச் சக்கரத்தின் எடை வெளிப்பக்கத்துக்குப் போகிறது. வெளிப்பக்கம் லாபம், ஆனால் உள்பக்கம் இழந்தது அதைவிட அதிகம். கார் தாழ்வாக இருந்தால் இப்படி மாறும் எடை குறையும். பந்தயக் கார்கள் தரையோடு தரையாக ஏன் இருக்கின்றன என்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஓட்டம் முடிந்து வந்த டயரில் ஊசி முனை வெப்பமானியை உள்ளோரம், நடு, வெளியோரம் என்று மூன்று இடத்தில் குத்திப் பார்த்து, சக்கரம் நிற்கும் கோணம் சரியா என்று சொல்லிவிடலாம். கை சுடும், ரப்பர் வாடை அடிக்கும், மழையில் தாளில் எழுத வேண்டியிருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்த வேலை இன்றுவரை கிடையாது.

அந்த அப்பாவுக்குச் சொன்னதைப் பெற்றோருக்கும் சொல்கிறேன். முதல் பட்டமே இந்தப் பெயரில் இருக்க வேண்டியதில்லை. ஃபார்முலா 1 உலகமே அண்ணாந்து பார்க்கும் வடிவமைப்பாளர் ஆட்ரியன் நியூயி, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் படித்தது விமானப் பொறியியல். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கணினி, எதுவும் சரி. மின்சாரக் கார்கள் வந்தபிறகு கடைசி மூன்றுக்கும் மவுசு இன்னும் கூடிவிட்டது. 2023-இல் ஸூரிக் மாணவர்கள் கட்டிய மித்தன் என்ற மின்சாரக் கார், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 0.956 விநாடியில் தொட்டு உலக சாதனை செய்தது. காரின் எடை ஏறக்குறைய 140 கிலோ.

வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள். இங்கே முதல் பட்டத்துக்குச் சேரப் போகும் கல்லூரியில் ஃபார்முலா ஸ்டூடண்ட் அணி இருக்கிறதா, கடந்த வருடம் கட்டிய கார் இன்னும் ஓடுகிறதா. நேரில் போய் அந்த ஷெட்டைப் பாருங்கள். பையனோ பெண்ணோ நான்கு வருடம் அங்கே கையில் கிரீஸோடு நின்ற பிறகும் ஆசை குறையவில்லை என்றால், அப்போது மேற்படிப்பைப் பற்றிப் பேசலாம்.

அடுத்த வருடம் நாங்கள் பேட்டரியைப் பெரிதாக்கினோம். 600 கிராம் கூடியது. ஒவ்வொரு பயிற்சியிலும் 11 கிலோமீட்டர் ஓட்டி, அணைத்து, மூன்று நிமிடம் கடிகாரம் பார்த்து, மறுபடி கிளப்பினோம். அந்த லேத் பட்டறை அண்ணனும் போட்டியன்று வந்து வேலியோரம் நின்றார். இரண்டாவது ஓட்டுநர் பெல்ட்டை இறுக்கிப் பட்டனை அழுத்தினான். முதல் அழுத்தலிலேயே எஞ்சின் பிடித்தது. மீதி 11 கிலோமீட்டரும் ஓடி முடித்தது.

நன்றி, வணக்கம்.