பி.ஈ.2: கையை விட்டாலும் நேரா பறக்கும், ஆனா சட்டுனு திரும்பச் சொன்னா?

எல்லாருக்கும் வணக்கம். ஸ்க்ரீன்ல இருக்கிற படத்துல முதல்ல ஒண்ணை மட்டும் கவனிங்க. இந்த விமானத்துல ரெண்டு சீட்டு. பைலட் உக்கார்றது பின் சீட்டுல. முன் சீட்டு அப்சர்வருக்கு, அதாவது எதிரிப் படை எங்க இருக்கு, எந்தப் பக்கம் நகருதுன்னு பாத்து குறிப்பெடுக்கிறவருக்கு. ஆனா அவர் தலைக்கு மேல ஒரு இறக்கை, கீழ ஒரு இறக்கை, சுத்தி கட்டையும் கம்பியும். பாக்கறதுக்குன்னே ஏத்திட்டுப் போற ஆளுக்கு இருக்கிறதிலேயே மோசமான இடம். ஏன் இப்படி வச்சாங்க? பிரிட்டன் கிட்டத்தட்ட 3,500 தயாரிச்ச, முதல் உலகப் போர் காலத்து பி.ஈ.2 விமானத்தைப் புரிஞ்சுக்க இந்த சீட்டுல இருந்துதான் ஆரம்பிக்கணும்.

1911-ல இங்கிலாந்துல ஃபார்ன்பரோவுல இருந்த ராணுவ விமானத் தொழிற்சாலைக்குப் புது விமானம் செய்ய அதிகாரம் கிடையாது. ரிப்பேர் பண்ணலாம், அவ்வளவுதான். தலைமை மெர்வின் ஓ'கார்மன். வரைபடம் போட்டு, தானே ஓட்டியும் பாத்தவர் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட். வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு ராணுவத்துக்குக் கொடுத்த ஒரு வாய்சின் விமானம் இவங்க கைக்கு வந்துச்சு. ப்ரொப்பெல்லர் பின்னாடி இருந்து தள்ளுற வகை அது. ரிப்பேர்னு கணக்கு எழுதி, வெளிய கொண்டுவந்தது ப்ரொப்பெல்லர் முன்னாடி இருந்து இழுக்கிற வேற ஒரு விமானம். பழசுல இருந்து முக்கியமா எடுத்துக்கிட்டது அந்த 60 குதிரைத்திறன் வோல்ஸ்லி எஞ்சினைத்தான். இதுதான் பி.ஈ.1. 1911 டிசம்பர் 4-ல டி ஹாவிலண்ட் அதை முதல்முறையா ஓட்டினாரு.

ரெண்டே மாசத்துல, 1912 பிப்ரவரி 1-ல, பி.ஈ.2. உடம்பு ஏறக்குறைய அதேதான், எஞ்சின்தான் மாறுச்சு. தண்ணியில குளிர்ற வோல்ஸ்லி போய், காத்துல குளிர்ற ரெனோ வி-8 வந்துச்சு. ரேடியேட்டர் எடையும் தண்ணிக் கசிவும் அதோட ஒழிஞ்சுது. இந்த ரெனோவுல கவனிக்க வேண்டியது, ப்ரொப்பெல்லர் க்ராங்க் ஷாஃப்ட்ல, அதாவது பிஸ்டன்கள் சுத்துற முக்கிய தண்டுல இல்ல, வால்வுகளைத் திறக்கிற தண்டான கேம் ஷாஃப்ட்டோட நீட்டிப்புல மாட்டியிருக்கும். கேம் ஷாஃப்ட் பாதி வேகத்துல சுத்துறதால, தனியா கியர் பெட்டி வைக்காமலே பெரிய ப்ரொப்பெல்லரை மெதுவா சுத்த முடிஞ்சுது. அழகான யோசனை.

அந்த ஆகஸ்ட்ல லார்க்ஹில்ல ராணுவ விமானப் போட்டி. ஓ'கார்மனே நடுவர்கள்ல ஒருத்தர்ங்கிறதால பி.ஈ.2 போட்டிக்கு வெளியேதான் பறந்துச்சு. பரிசு சாமுவேல் கோடிங்கிறவரோட விமானத்துக்கு. ஆனா 12-ஆம் தேதி டி ஹாவிலண்ட், மேஜர் சைக்ஸை முன்னாடி உக்கார வச்சுக்கிட்டு 10,560 அடிக்கு ஏறினாரு. அது பிரிட்டிஷ் சாதனை.

முதல் மாடல்கள்ல ஐலெரான், அதாவது விமானத்தைச் சாய்க்க இறக்கையோட பின் ஓரத்துல இருக்கிற அசையற பலகை, கிடையாது. சாய்றதுக்கு, இறக்கையோட முனையையே கம்பி இழுத்து முறுக்கணும். அதனால கட்டமைப்பு வளையற மாதிரியும் இருக்கணும், எடையைத் தாங்கற மாதிரியும் இருக்கணும். இறக்கைக்குள்ள போற நீளக் கட்டை, அதாவது ஸ்பார், ஒழுங்கா இல்லைன்னா என்ன ஆகும்? 1913 மே 27, ஸ்காட்லாந்துல மான்ட்ரோஸ். லெப்டினன்ட் டெஸ்மண்ட் ஆர்தர் ஓட்டின பி.ஈ.2-ஓட வலது இறக்கை வானத்துலயே உடைஞ்சு அவர் இறந்துபோனாரு. விசாரிச்சப்போ, அந்த ஸ்பார் ஏற்கெனவே முனைப் பக்கம் உடைஞ்சு, யாரோ மோசமா ஒட்டுப் போட்டு, மேல புதுத் துணி போர்த்தி மறைச்சிருந்தது தெரிஞ்சுது. துணியை ஒட்டிட்டா உள்ள இருக்கிற ஒட்டு கண்ணுக்குத் தெரியாது. ஒட்டுப் போட்டவங்களுக்கு இது தெரியாம இருந்திருக்க வாய்ப்பே இல்ல. எனக்கு இது இன்னும் கோபம் வர்ற விஷயம்.

இப்போ பி.ஈ.2சி. 1914 மே மாசம் பறந்துச்சு. எட்வர்ட் பஸ்க்-னு ஒரு இளம் எஞ்சினியர், விமானம் தானா நிலையா பறக்கிறது எப்படின்னு கணக்குப் போட்டு, பறந்து பறந்து அளந்து பாத்தாரு. அதோட பலன் என்னென்ன? மேல் இறக்கையைக் கீழ் இறக்கையை விட முன்னாடி தள்ளினாங்க. ரெண்டு இறக்கையையும் முனைப் பக்கம் மேல தூக்கினாங்க. முறுக்குறதை விட்டுட்டு நாலு இறக்கையிலயும் ஐலெரான் வச்சாங்க. வால் பக்கம் ரடருக்கு, அதாவது இடம் வலம் திருப்புற பலகைக்கு முன்னாடி ஒரு முக்கோண ஃபின், அதாவது அசையாம நிமிர்ந்து நிக்கிற தகடு, வந்துச்சு. இதெல்லாம் சேர்ந்து, காத்து எந்தப் பக்கம் தள்ளினாலும் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தானா நிமிர்ந்துக்கும். ஜூன்ல மேஜர் பிராங்கர் ஃபார்ன்பரோவுல இருந்து நெதராவன் வரைக்கும், சுமார் 40 மைல், மேல ஏறினதுக்கப்புறம் இறங்கற வரைக்கும் கண்ட்ரோலைத் தொடாமலே போனாரு. வழியில கீழ பாத்ததை ரிப்போர்ட்டாவும் எழுதிக்கிட்டாரு. பஸ்க் அதே வருஷம் நவம்பர் 5-ல, ஓட்டிட்டு இருந்த 2சி வானத்துல தீப்பிடிச்சு இறந்துட்டாரு.

இப்போ சீட்டுக்கு வருவோம். விமானத்தோட எடை மையம் முன் சீட்டுக்கிட்டதான் இருக்கு. அப்சர்வர் அங்க இருந்தாலும் இல்லாட்டியும் மூக்கு தூக்காது, வால் தொங்காது. ஆள் இல்லாதப்போ மண் மூட்டை வைக்க வேண்டாம். குண்டு ஏத்தணும்னா அப்சர்வரைக் கீழயே விட்டுட்டுப் போவாங்க, ஏன்னா 90 குதிரைத்திறன் எஞ்சினால ரெண்டையும் ஒழுங்கா சுமக்க முடியல. 2சி-யோட உச்ச வேகமே மணிக்கு சுமார் 72 மைல். 10,000 அடி ஏற முக்கால் மணி நேரம் ஆகும்.

எதிரி வானத்துல சுடாத வரைக்கும் இது சரியான கணக்கு. 1915 கோடையில ப்ரொப்பெல்லருக்கு நடுவுல சுடற ஜெர்மன் ஃபோக்கர் விமானம் வந்ததும் கணக்கு தப்பாச்சு. முன் சீட்டுக்காரர் லூயிஸ்ங்கிற இயந்திரத் துப்பாக்கியை ஒரு தாங்கியில இருந்து இன்னொண்ணுக்குத் தூக்கி மாட்டி, பைலட் தலைக்கு மேலால பின்னாடி சுடணும். கம்பியிலயும் படக்கூடாது, ப்ரொப்பெல்லர்லயும் படக்கூடாது. பைலட் சட்டுனு திருப்பினா விமானம் நிமிரத்தான் பாக்கும். 1914-ல கேட்டதை இந்த டிசைன் அச்சு அசலா கொடுத்துச்சு. அதனால என் கணக்குல குத்தம் பஸ்க் மேல இல்ல. 1917 வரைக்கும் இதையே முன்வரிசைக்கு அனுப்பினவங்க மேலதான்.

அதே நிலைத்தன்மை ராத்திரியில உதவுச்சு. அடிவானம் தெரியாத இருட்டுல தானா நிமிர்ற விமானம் பெரிய வரம். 1916 செப்டம்பர் 3 அதிகாலை லீஃப் ராபின்சன் தனியா 2சி ஓட்டிப் போய், மேல் நோக்கி சுடற லூயிஸால எஸ்.எல்.11-ங்கிற ஜெர்மன் ஆகாயக் கப்பலைக் கஃப்லி ஊர்கிட்ட எரிச்சு வீழ்த்தினாரு.

பழைய ஃபோட்டோவுல எந்த மாடல்னு கண்டுபிடிக்க: இறக்கைங்க நேருக்கு நேர் இருந்து, ஃபின் இல்லாம ரடர் மட்டும் இருந்தா 2ஏ இல்லாட்டி 2பி. பைலட் தோள் வரைக்கும் தெரிஞ்சா 2ஏ, காக்பிட் பக்கச் சுவர் உயர்ந்து மறைச்சா 2பி. மேல் இறக்கை முன்னாடி தள்ளி, ஃபின்னோட இருந்தா 2சி. மேல் இறக்கை கீழ் இறக்கையை விட நல்லா நீளமா, ஒரு பக்கத்துக்கு ஒரு ஜோடி கட்டை மட்டும் இருந்தா 2ஈ. பிரிட்டனோட இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான 2699 எண் விமானம் ஒரு 2சி. அதைப் பாக்கப் போனா முன் சீட்டுக்கு நேரா நின்னு, அதைச் சுத்தி இருக்கிற கட்டையையும் கம்பியையும் எண்ணிப் பாருங்க.