நாடகம் ஊரை மாற்றியதா என்பதை எப்படி ஆய்வு செய்வது?

அடுத்த கேள்வி, சமூகப்பணி முதுகலை படிக்கும் ஒரு மாணவி கேட்டது. "சமூக மாற்றத்துக்குச் சமுதாய நாடகம் எவ்வளவு உதவுகிறது என்று ஆய்வு செய்யப் போகிறேன். நாடகத்துக்கு முன்னால் ஒரு கேள்வித்தாள், முடிந்ததும் ஒரு கேள்வித்தாள் கொடுத்து, பார்த்தவர்களின் எண்ணம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கணக்கெடுத்தால் போதுமா?"

போதாதும்மா. கேள்வித்தாள் இருக்கட்டும், ஆனால் நாடகம் முடிந்த கையோடு கேட்டால் யாரும் நல்ல பதிலைத்தான் எழுதுவார்கள். நீங்கள் போய் உட்கார வேண்டிய இடம் ஒத்திகை. அங்கே யார் பேசுகிறார்கள், யார் சொன்னதற்காக வசனம் மாறுகிறது என்று பாருங்கள். ஏன் இதைச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு ஊரின் கதையைச் சொல்கிறேன்.

கென்யாவில், நைரோபிக்குப் பக்கத்தில் லிமுரு. அங்கே காமிரீத்து என்று ஒரு கிராமம். 1950களில் தன் ஆட்சியை எதிர்த்து எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷ் அரசு மக்களை வீடு நிலத்திலிருந்து கிளப்பி ஒரே இடத்தில் அடைத்ததே, அப்படி உருவான கிராமங்களில் அதுவும் ஒன்று. சுதந்திரம் வந்த பிறகும் அந்த மக்களில் பலர் தேயிலைத் தோட்டத்துக்கும் பக்கத்துச் செருப்புத் தொழிற்சாலைக்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். 1976இல் அங்கே முதியோர் கல்வி வகுப்பு தொடங்கியது. அதிலிருந்துதான் நாடகம் கிளைத்தது. எழுத்தாளர் கூகி வா தியாங்கோவும் கூகி வா மிரீயும் சேர்ந்து, ஊர் மக்கள் பேசும் கிக்கூயு மொழியில் பிரதி எழுதினார்கள். ஒன்றரை ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஒரு கூலிக்காரக் குடும்பம் அதைப் பணக்காரர்களிடம் எப்படி இழக்கிறது என்பதுதான் கதை.

முக்கியமானது இதற்கப்புறம் நடந்தது. பிரதியை ஊரில் வாசித்தார்கள். ஊரார் திருத்த ஆரம்பித்தார்கள். ஒரு கிழவர் இப்படிப் பேசமாட்டார், இந்தச் சடங்கில் இந்தப் பாட்டு வராது என்றார்கள். ஒரு சடங்குப் பாட்டின் வரிகளை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி சொல்லிக் கொடுத்தார். உழைப்பைச் சுரண்டுவது எப்படி நடக்கிறது என்பதைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களே விளக்கினார்கள். ஒத்திகை திறந்த வெளியில் நடந்ததால் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று கருத்துச் சொன்னார்கள். இரண்டாயிரம் பேர் உட்காரக்கூடிய அரங்கத்தையும் அவர்களே கட்டினார்கள். பல்கலைக்கழக ஆசிரியரான கூகி வா தியாங்கோ, அங்கே தானும் ஒரு மாணவன் ஆனதாகப் பிறகு எழுதியிருக்கிறார்.

1977 அக்டோபர் 2 அன்று நாடகம் அரங்கேறியது. நவம்பர் 16 அன்று அரசு அனுமதியை ரத்து செய்தது. டிசம்பர் 31 அன்று கூகி வா தியாங்கோவைக் கைது செய்து, விசாரணையே இல்லாமல் ஏறக்குறைய ஒரு வருடம் சிறையில் வைத்தது. 1982 மார்ச்சில் போலீஸ் போய் அந்த அரங்கத்தையே இடித்துத் தள்ளியது. இத்தனைக்கும் 1977 ஜூலையில் வந்த அவருடைய ஆங்கில நாவலிலும் இதே ஆட்சியாளர்கள் மேல் இதே விமர்சனம் இருக்கிறது. அதற்காக யாரும் அவரைக் கைது செய்யவில்லை. தோட்டக் கூலிகளே மேடை கட்டி, வசனத்தைத் திருத்தி, தங்கள் மொழியில் பேச ஆரம்பித்ததுதான் அரசை உறுத்தியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த மாற்றம் எந்தக் கேள்வித்தாளில் அகப்படும் சொல்லுங்கள்?

பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் பெயர் உங்கள் பாடத்தில் வந்திருக்கும். அவர் குழு வடகிழக்கு பிரேசிலில் ஒரு நாடகம் போட்டது. நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று துப்பாக்கியைத் தூக்கிப் பாடினார்கள். நாடகம் முடிந்ததும் ஒரு விவசாயி வந்து, வாருங்கள், இப்போதே போய் நிலத்தை மீட்போம் என்று கூப்பிட்டார். துப்பாக்கி பொம்மை, நாங்கள் நடிகர்கள் என்று இவர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. தான் இறங்காத ஆபத்தில் இன்னொருவரை இறங்கச் சொல்லும் நாடகம் இனி வேண்டாம் என்று போவால் அப்போது முடிவெடுத்தார். பிற்காலத்தில் அவர் வளர்த்த முறையில் பார்வையாளரே எழுந்து வந்து காட்சியை நிறுத்தி, அந்தப் பாத்திரமாக நின்று வேறு வழி முயன்று பார்க்கலாம். 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனீரோ நகரசபை உறுப்பினராக இருந்தபோது, அப்படிப்பட்ட அரங்குகளில் மக்கள் சொன்ன யோசனைகளிலிருந்து 13 சட்டங்கள் நிறைவேறின. இப்படி மேடையிலிருந்து சட்டம் வரை ஒரு யோசனை போன தடத்தைப் பிடிப்பதும் நல்ல ஆய்வுதான்.

சரி, உங்களுக்கு நைரோபியும் ரியோவும் தூரம். மேற்கு வங்கத்தில் ஜன சம்ஸ்கிருதி என்ற அமைப்பு 1985 முதல் கிராமங்களில் வேலை செய்கிறது. போவால் முறையை நேரில் பார்க்க அங்கே போகலாம். அதைவிடப் பக்கத்தில், தமிழ்நாட்டில் 1990களில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் கலைக்குழுக்களில் ஆடிப் பாடியவர்கள் இன்னும் ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர்களில் பெண்களை முதலில் தேடிப் பிடியுங்கள். பிரதியை யார் எழுதியது, ஊரார் சொல்லி எந்த வசனம் மாறியது என்று கேளுங்கள். ஒத்திகைக்குப் போக வீட்டில் யாரிடம் அனுமதி கேட்டார்கள், குழு கலைந்த பிறகு எங்கெல்லாம் எழுந்து பேசினார்கள் என்றும் கேளுங்கள். பதிலைக் கட்டத்துக்குள் அடைக்காமல் அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.